வாக்குத்தத்த அட்டையும் எட்டு மணி ஜெபமும்

எல்லாருக்கும் வணக்கம், நம்ம ஆட்களுக்கு ஸ்தோத்திரம். இன்றைக்குச் சமையல் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் வெங்காய வண்டி மைக் போட்டுக்கொண்டு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

போன வாரம் அச்சு முறுக்கு வீடியோ போட்டேன் இல்லையா? தேங்காய்ப்பால் எவ்வளவு, அச்சு ஏன் மாவை விடமாட்டேன் என்கிறது என்றெல்லாம் கேட்பீர்கள் என்று பார்த்தால், நிறையப் பேர் கேட்டது எனக்குப் பின்னால் சுவரில் தொங்குகிற அட்டையைப் பற்றி. "அக்கா, அது 2021 வாக்குத்தத்தம் ஆச்சே, இன்னுமா மாத்தல?" என்று ஒரு தங்கச்சி. "பழைய வாக்குத்தத்தத்தை வச்சிருக்கக் கூடாது சிஸ்டர்" என்று ஒரு பிரதர். அவர் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதியிருந்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புது வருஷ ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் ஆளுக்கொரு அட்டை கொடுப்பார்கள். அதில் அந்த வருஷத்துக்கான வேத வசனம் இருக்கும். வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவோம். தைக்குக் காலண்டர் மாற்றாத வீடுகூட மதுரையில் இருக்கலாம், வாக்குத்தத்தம் மாற்றாத கிறிஸ்தவ வீடு இருக்காது.

2021-க்கு எங்களுக்கு வந்த வசனம் சங்கீதம் 91:10. சங்கீதம் என்றால் பைபிளில் இருக்கிற ஜெபப் பாடல்கள். "ஆகையால் பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." முந்தின வருஷம் முழுக்கக் கொரோனாவில் அடிபட்டு வந்தவர்களுக்கு இதைவிட வேறு என்ன வசனம் வேண்டும்? வாங்கின எல்லாருடைய முகத்திலும் ஒரு சிரிப்பு. என் அண்ணன்தான் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய ஆணி ஆடுகிறது என்று புது ஆணி அடித்து மாட்டினார்.

மே மாதம் வாதை எங்கள் கூடாரத்துக்கு வந்தது. அம்மாவுக்கு, மதினிக்கு, அண்ணனுக்கு என்று மூன்று பேருக்கும். அம்மாவும் மதினியும் தேறிவிட்டார்கள். அண்ணன் திரும்பவில்லை.

அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை, படுக்கைக்கு அலைச்சல், ஆக்சிஜனுக்கு அலைச்சல். எங்கே சேர்த்தோம், யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. போனால் இந்த வீடியோ வேறு மாதிரி ஆகிவிடும்.

அட்டையைக் கழற்றி எறிய வேண்டும் என்று கத்தினது நான்தான். அம்மா விடவில்லை. "அது அவன் ஆணி அடிச்சு மாட்டினது, இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் காரணம். வசனத்துக்காக அது அங்கே இல்லை, ஆணிக்காக இருக்கிறது. அந்தப் பிரதருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அடக்கம் பற்றி நான் இதுவரை எங்கேயும் பேசினதில்லை. எங்கள் வீடுகளில் சாவு என்றால் ஒரு ஒழுங்கு உண்டு. பெட்டி வரும், ஐயர் வருவார் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்), வீட்டில் ஒரு ஜெபம், பாடல்கள், அப்புறம் கோவிலில், அதாவது சர்ச்சில், ஆராதனை, கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண். இதற்கு நடுவில் மதுரைக்கே உரிய போஸ்டர். காது குத்தென்றாலும் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி என்றாலும் போஸ்டர், இது நம்ம ஊர். அண்ணனுக்கு அதுகூட இல்லை. அச்சகமெல்லாம் பூட்டிக் கிடந்தது. அவர் கூட்டாளிகளுக்கு இன்றைக்கும் அது ஒரு குறை.

குடும்பத்தில் ஒருசிலர் மட்டும்தான் போக முடிந்தது. மதினியும் அம்மாவும் காய்ச்சலில் படுத்திருந்தார்கள், அதனால் நான் போனேன். ஐயர் தூரத்தில் நின்று வாசித்தார், முகக்கவசத்துக்குள் பாதி வார்த்தை கேட்கவில்லை. குழியில் இறக்க வந்தவர்கள் இஸ்லாமியத் தன்னார்வத் தம்பிகள். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பேரை, எந்த மதம் என்று பார்க்காமல், அந்தப் பிள்ளைகள் அடக்கம் செய்தார்கள். வெள்ளை உடுப்புக்குள் வேர்த்துக் கொட்டுகிறது, கண் மட்டும்தான் தெரிகிறது. அதில் ஒரு தம்பி என்னிடம் வந்து, "அக்கா, உங்கள்ல தலைமாடு எந்தப் பக்கம் வைப்பாங்க? சொல்லுங்க, அதே மாதிரி வச்சிருவோம்" என்று கேட்டான்.

எனக்கு அப்போது என் பெயரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேனா தெரியாது. ஆனால் வாய் தானாகச் சொன்னது: "தலை மேற்கே, கால் கிழக்கே தம்பி." ஏனென்றால் சின்ன வயதில் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குப் போகும்போதெல்லாம் தாத்தா சொல்வார். கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார், எழுந்திருக்கிறவன் அவர் முகத்தைப் பார்த்தபடி எழுந்திருக்கணும், அதனால்தான் இப்படி வைக்கிறது என்பார். நாங்கள் கேட்டுக்கொண்டே மெழுகுவர்த்தியில் உருகி வழிகிறதைச் சுரண்டி உருண்டை பிடித்துக்கொண்டிருப்போம். அந்த உருண்டைக்காகத்தான் நாங்கள் போவதே. தாத்தா சொன்னதை நம்பினேனா, இல்லையா என்றெல்லாம் அன்றைக்கு யோசிக்கவில்லை. அந்தத் தம்பி தலையாட்டிவிட்டுப் போய் அப்படியே வைத்தான். வைத்துவிட்டு, "ஜெபம் பண்ணணும்னா பண்ணுங்கக்கா, நாங்க நிக்கிறோம்" என்றான். எனக்கு ஜெபம் வரவில்லை. அவர்கள் நின்றார்கள்.

அப்புறம் ஆறுதல் சொல்கிறவர்கள். நேரில் வர முடியாத காலம், எல்லாம் போனில். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." "அவர் ஒரு காரணத்தோடுதான் செய்வார்." "நல்ல பூவைத்தான் முதல்ல பறிப்பார்." இந்தக் கடைசி ஒன்று இருக்கிறதே, எனக்குக் கோபம் தலைக்கேறும். பூப்பறிக்கிற கடவுள் அண்ணனின் பதினோரு வயது மகளிடம் வந்து கணக்குச் சொல்லட்டும் என்று ஒருநாள் போனிலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெரியம்மா பிறகு பேசுவதில்லை.

பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நிற்கிற யோபுவின் கதையை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள், இரண்டாம் அதிகாரத்தின் கடைசியை யாரும் சொல்வதில்லை. அவனுடைய மூன்று சிநேகிதர்கள் வந்து, அவன் துக்கத்தைப் பார்த்துவிட்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். நாலாம் அதிகாரத்தில் வாயைத் திறந்தார்கள், நீ ஏதோ தப்புப் பண்ணியிருப்பாய் என்று நியாயம் பேச ஆரம்பித்தார்கள், கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வந்ததும் அவர்கள் பேரில்தான். கேள்வி மேல் கேள்வி கேட்ட யோபுவின் பேரில் இல்லை.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு வேத வசனமும் தெரியாது. பெருமாளைக் கும்பிடுகிறவர். நாங்கள் தனிமையில் இருந்த நாட்கள் முழுக்க, மத்தியானம் கேட்டில் தூக்குச்சட்டியை மாட்டிவிட்டு, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ரசம், கீரை, ஒருநாள் மிளகுக் குழம்பு. கதவைத் திறப்பதற்குள் ஆள் இருக்காது. யோபுவின் சிநேகிதர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் இவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

சரி, வசனத்துக்கு வருகிறேன். கோபத்தில் ஒருநாள் 91-ஆம் சங்கீதத்தை முழுக்க வாசித்தேன், சண்டை போடுவதற்காகவே. பத்தாம் வசனத்துக்கு அடுத்து 11, 12. தூதர்களுக்குக் கட்டளையிடுவார், உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்று வரும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தேடினால், மத்தேயு நாலாம் அதிகாரம். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின் மேல் நிறுத்தி, "குதி, ஒன்றும் ஆகாது, எழுதியிருக்கிறதே" என்று இதே வசனத்தைச் சொல்கிறது யார் தெரியுமா? பிசாசு. நம் அட்டையில் இருப்பது 10, பிசாசு எடுத்தது 11, 12. இயேசு குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்காதே என்றும் எழுதியிருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டார்.

அதற்காக அந்தச் சங்கீதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தலைமுறை அதை வாசித்திருக்கிறது. ஆனால் அதை இன்சூரன்ஸ் பத்திரம் மாதிரி அச்சடித்து ஆளுக்கொன்று கையில் கொடுக்கும்போது, மே மாதம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று லூக்கா 13-இல் இயேசுவே கேட்கிறார். இல்லை என்கிறார். ஏன் விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

2004 சுனாமியின்போது எங்கள் அப்பா இந்த இடத்தைத்தான் வாசிக்கச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக்குப் போயிருந்த யாத்ரீகர்கள் அத்தனை பேர் கடலோடு போனார்கள். கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அற்புதம் என்று சிலர் பேசினார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கட்டடத்தக் காப்பாத்தி ஆளக் கைவிடுவாராடா? அப்படிப் பேசாதீங்க" என்று அதட்டிவிட்டு லூக்காவை எடுத்தார்.

எங்கள் வீட்டில் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். தாத்தா பசுமலைப் பக்கம் மிஷன் பள்ளியில் வாத்தியார். 1834-இல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது, எங்கள் குடும்பம் அந்த வழியில் வேதத்துக்கு வந்த குடும்பம், அந்த மணி அடிக்கிற பழக்கம் எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. எட்டானால் பாய் விரிக்க வேண்டும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம் ஆளுக்கு இரண்டு வசனமாக, ஒரு ஜெபம், கடைசியில் வீட்டிலேயே சின்ன பிள்ளை, இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்ல வேண்டும். விருந்தாளி வந்தாலும் உண்டு. கிரிக்கெட் இருந்தாலும் உண்டு, அண்ணனுக்கு அதில் தாத்தாவோடு தீராத வழக்கு.

அண்ணன் போனபிறகு சில நாட்கள் பாய் விரிக்கவில்லை. காய்ச்சல் தேறி எழுந்து உட்கார்ந்த அன்றைக்கே அம்மா, "பாயைப் போடு" என்றார். எனக்கு ஜெபம் பண்ண முடியாதும்மா, வாயிலிருந்து வசவுதான் வரும் என்றேன். "உன்ன யாரு ஜெபம் பண்ணச் சொன்னா? வாசி. ஒண்ணாஞ் சங்கீதத்துல இருந்து நாளுக்கு ஒண்ணு. வாசிக்க நம்பிக்கை வேணாம், கண்ணாடி இருந்தாப் போதும்" என்றார். என் அம்மா இப்படித்தான்.

வாசித்தோம். ஆளுக்கு இரண்டு வசனம். அண்ணன் உட்காருகிற இடம் வந்ததும் ஒரு நிமிஷம் யாரும் வாசிக்காமல் நிற்கும், அப்புறம் அவர் மகள் அவருடைய இரண்டையும் சேர்த்து நாலாக வாசிக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

88-ஆம் சங்கீதம் அவள் கையில் வந்தது. நீங்கள் வாசித்திருக்கிறீர்களா? பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் அழுகையில் ஆரம்பித்தாலும் முடிகிற இடத்தில் ஒரு வெளிச்சம் வரும், ஆனாலும் உம்மைத் துதிப்பேன் என்று. இதில் வராது. ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், சிநேகிதரையும் தூரமாக்கிவிட்டீர் என்று அப்படியே நின்றுவிடும். அவள் வாசித்து முடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். 89 ஆரம்பித்துவிட்டது. "அத்தை, முடிஞ்சிருச்சா? அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன். "இதையும் பைபிள்ல வச்சிருக்காங்களா?"

வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் இதை எழுதி, யாரோ பத்திரப்படுத்தி, கோவிலில் பாடியும் இருக்கிறார்கள். எனக்கு அந்த ராத்திரிதான் முதன்முதலாக நன்றாகத் தூக்கம் வந்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. என்னை யாரும் சமாதானப்படுத்தவில்லை, அதனால்கூட இருக்கலாம்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மா பிறந்த வீடு ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். கல்யாணத்துக்கு அப்புறம் எங்களை மாதிரி சி.எஸ்.ஐ. ஆனவர், அது புராட்டஸ்டண்ட் சபை. இத்தனை வருஷத்தில் மாதா என்ற பேச்சையே எடுத்ததில்லை, தாத்தாவுக்குப் பிடிக்காது என்பதால். கோவில்கள் திறந்தபிறகு ஒருநாள் திடீரென்று கிழக்கு வெளி வீதிக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். வியாகுல மாதா கோவில். ஆட்டோவில் போனோம். வியாகுல மாதா படங்களில் நெஞ்சில் வாள் பாய்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப் போகும் என்று குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தின சிமியோன் மாதாவிடம் சொன்னதிலிருந்து, பன்னிரண்டு வயதில் பிள்ளை காணாமல் போனது, சிலுவையில் பார்த்தது, கடைசியில் கல்லறையில் வைத்தது வரை ஏழு வியாகுலம். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஆசை தீர அழுதார். அண்ணன் இறந்தபிறகு அன்றைக்குத்தான் அவர் சத்தம்விட்டு அழுது பார்க்கிறேன். வெளியே வந்து, "எங்க கோவில்ல எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்றாங்கடி. இங்க ஒருத்தி எனக்கு முன்னாடியே அழுதுகிட்டிருக்கா" என்றார். சபை வேறுபாடு பற்றி யாராவது எனக்கு எழுதப்போகிறீர்கள் என்றால், அம்மாவிடம் நேரில் பேசிக்கொள்ளுங்கள்.

குடும்ப பைபிளைக் காட்டச் சொல்லி முன்பே சிலர் கேட்டிருந்தீர்கள். இதுதான். அட்டை பிய்ந்து இரண்டு தடவை பைண்ட் பண்ணினது, முதுகில் சாக்குத் துணி. முதல் பக்கத்தைப் பாருங்கள், பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம். மேலே நீல மையில் சாய்ந்த எழுத்து தாத்தாவுடையது. அவர் மரணத்தை எழுதினது அப்பா, பால்பாயிண்ட் பேனாவில். அப்பா மரணத்தை எழுதினது அண்ணன், அவர் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி. அடுத்த வரி நான். வழக்கமாக "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எழுத வேண்டும். நான் பெயரும் தேதியும் மட்டும் எழுதி நிறுத்தினேன். மிச்சத்தை எழுதுகிற நாள் வந்தால் எழுதுகிறேன், இடம் விட்டிருக்கிறேன். மதினி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மதினி வேறு மாதிரி. அவர் எதையும் நிறுத்தவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் காணிக்கை டின்னில் போடுவது எங்கள் வழக்கம், மாதக் கடைசியில் கோவிலுக்குப் போகும். கோவில் பூட்டிக் கிடந்த மாதங்களிலும் போட்டுக்கொண்டே இருந்தார். டின் நிறைந்து, பக்கத்தில் பிரஷர் குக்கர் பாத்திரம் வைத்து அதுவும் நிறைந்தது. பின்சந்தில் வேலையில்லாமல் இருந்த கொத்தனார் குடும்பத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். எப்படி உங்களால் முடிகிறது என்று கேட்டேன். "உலை வைக்காம இருக்க முடியுமா?" என்றார். நம்பிக்கை பற்றி அவரிடம் நான் கேட்டு வாங்கின ஒரே பதில் இது.

அண்ணன் மகளுக்கு இப்போது திடப்படுத்தல் வகுப்பு நடக்கிறது, ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைகள் வளர்ந்தபிறகு தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடுவதற்கான வகுப்பு. ஒருநாள் வந்து கேட்டாள், "நாம எல்லாரும் அப்பாவுக்காக ஜெபம் பண்ணினோமே அத்தை, ஏன் கேக்கல?" எனக்குத் தெரியாது என்றேன். யோவான் 11-ஐ எடுத்துக் கொடுத்தேன். லாசரு இறந்து நாலு நாள் கழித்து வருகிற இயேசுவிடம் மார்த்தாள் சொல்கிற முதல் வார்த்தை: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." நானும் ஒரு அண்ணனைக் கொடுத்தவள், அந்த வரியை மனப்பாடமாகச் சொல்வேன். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் அழுதார். "அவளோட தம்பி எழுந்திருச்சான்ல" என்றாள் இவள். ஆமாம், எழுந்தான். உன் அப்பா எழவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நானும் இருக்கிறேன், உனக்கு ஏதாவது தெரிந்தால் எனக்கும் சொல் என்றேன். வகுப்பில் ஐயரிடமும் கேட்டாளாம். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்தாராம். அந்த ஐயர் பேரில் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

டிசம்பர் பிறந்துவிட்டது, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் வருகிற வாரம் ஆரம்பம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் எங்கள் அண்ணன்தான் போடுவார். அந்த ரப்பர் முகமூடிக்குள் வேர்த்து, மூன்றாவது வீட்டுக்குள் மூச்சுத் திணறி, எங்கள் வீட்டு வாசலில் முகமூடியைத் தூக்கி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அதோடு தெருவில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் யார் தாத்தா என்று தெரிந்துபோகும். முதல் வருஷம் எங்கள் வீட்டுக்கு வரலாமா வேண்டாமா என்று கேரல் பிள்ளைகள் தயங்கினார்கள். மதினிதான் வரச் சொன்னார். டிரம் இல்லாமல் ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள், காப்பிகூடக் குடிக்கவில்லை.

இந்த வருஷம் தாத்தா வேஷம் தனக்கு வேண்டும் என்று அவர் மகள் கமிட்டியில் போய்க் கேட்டிருக்கிறாள். பொம்பளைப் பிள்ளை இதுவரை போட்டதில்லையே என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பேசிச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே மதினி அந்தச் சிவப்பு உடுப்பைப் பரணிலிருந்து இறக்கி, துவைத்து, தோளையும் இடுப்பையும் பிடித்துத் தைத்தே முடித்துவிட்டார். எங்கள் தெருவுக்கு வருகிற ராத்திரி வீடியோ எடுத்துப் போடுகிறேன். அவளுக்கு ஆடத் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள், அவள் அப்பாவுக்கும் தெரியாது.